பனிச்சரிவில் சிக்காமல் குளிர்கால இமயமலையில் நடமாடுவது எப்படி: குல்மார்க்கை வைத்து ஒரு முழு வழிகாட்டி

காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்கில், கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தில் ஏறிப் போய் இறங்கினால், ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் அஃபர்வாட் மலையின் தோளில் நிற்பீர்கள். நேர் கீழே தெரியும் சரிவை ரோந்துக் குழுவினர் சோதித்துப் பார்த்த பிறகுதான் திறந்துவிடுகிறார்கள். எல்லையைத் தாண்டிப் பத்து நிமிடம் பக்கவாட்டில் நடந்தால் அந்தக் காவல் முடிந்தது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. அதே வெள்ளை, அதே வெயில். யாரும் மிதிக்காததால் பனி இன்னும் அழகாகக்கூட இருக்கும்.

2023 பிப்ரவரி 1 அன்று இதே அஃபர்வாட்டில், ஹபத்குட் என்ற பகுதியில், பனி சரிந்து போலந்து நாட்டுச் சறுக்குக்காரர்கள் 2 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க் பக்கம் ஒரு ரஷ்யர். அதற்கும் முன்பு, 2010 பிப்ரவரி 8 அன்று, உயர்மலைப் போர்ப் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் பதினைந்து பேருக்கு மேல் இதே மலையில் பலியானார்கள். இவர்களில் பனியை முதல்முறை பார்த்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது.

சறுக்குகிறவர்களுக்கு மட்டும் இதை எழுதவில்லை. டிசம்பர் விடுமுறையில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் உத்தராகண்டின் கேதார்காந்தா, பிரம்மதால் என்று குழுவாகக் கிளம்புகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். காரில் போனவர்களையும் பனி விட்டுவைத்ததில்லை: 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையோரத்தில் சரிந்த பனி 7 சுற்றுலாப் பயணிகளைக் கொன்றது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சரிவில் உள்ள பனி இன்று நிற்குமா, விழுமா என்று உறுதியாகச் சொல்வது முப்பது வருட அனுபவசாலிக்கும் கடினம். ஆனால் அந்தச் சரிவு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளப்பது யாராலும் முடியும். இந்த வழிகாட்டியில் வரும் மற்றதெல்லாம் அந்த ஓர் அளவைச் சுற்றித்தான்.

பனி ஏன் பலகையாகப் பெயர்கிறது

தமிழில் பனி என்றால் புல்லில் படியும் துளியும் பனி, மார்கழி மூடுபனியும் பனி, வானத்திலிருந்து விழும் வெண்பனியும் பனி. இந்தக் குழப்பம் இங்கே ஒரு விதத்தில் உதவும். ஜனவரியில் ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் விடியற்காலை புல்வெளி வெள்ளையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்து, காற்றில் உள்ள ஈரம் நேராகப் பளிங்காக ஒட்டிக்கொள்வதுதான் அது. காஷ்மீரில் இதே உறைபனி, ஏற்கெனவே கிடக்கும் வெண்பனியின் மேல் இறகு இறகாக வளர்கிறது. வெயில் பட்டுப் போய்விட்டால் தொல்லை இல்லை. அதற்குள் இன்னொரு பனிப்பொழிவு வந்து மூடிவிட்டால், அந்த இறகுகள் உள்ளே சீட்டுக்கட்டு வீடு போல நிற்கும். மேலே அரை மீட்டர் புதுப்பனி சேரும். அப்புறம் ஒருவர் காலை வைப்பார்.

பனிச்சரிவுகளில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த வகை. மேலே ஒன்றோடொன்று ஒட்டிய கெட்டியான அடுக்கு, அதன் கீழே ஒட்டாத மெலிந்த அடுக்கு. மெலிந்த அடுக்கில் ஓரிடம் நொறுங்கினால் அந்த நொறுங்கல் நொடியில் சரிவு முழுக்க ஓடும், மேலே உள்ள பலகை மொத்தமாகப் பெயரும். நீங்கள் நிற்பது அதன் ஓரத்தில் இல்லை, நடுவில். விரிசல் உங்களுக்கு மேலே, பல மீட்டர் தள்ளி விழும். உலர்ந்த பலகை சில நொடிகளிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். ஓடித் தப்பலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

மெலிந்த அடுக்கு இன்னொரு விதமாகவும் உருவாகும். காஷ்மீருக்கு இது முக்கியம். தரையை ஒட்டிய பனி கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும். மேல்பரப்பு இரவில் மைனஸ் 15 வரை போகலாம். இடையில் பனி 50 சென்டிமீட்டர்தான் என்றால் 10 சென்டிமீட்டருக்கு 3 டிகிரி வித்தியாசம். 1 டிகிரியைத் தாண்டினாலே ஈரம் கீழிருந்து மேலேறி, மணிகளைச் சர்க்கரைப் பருக்கை போல மாற்றத் தொடங்கும். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, ரவை போல உதிரும். ஆழமாகப் பனி விழுந்த வருடத்தைவிடக் குறைவாக விழுந்த வருடம் ஆபத்தானதாக மாறுவது இதனால்தான். காஷ்மீரிகள் டிசம்பர் 21இலிருந்து 40 நாட்களைச் சில்லை கலான் என்கிறார்கள், கடுங்குளிர்க் காலம். அந்த 40 நாளில் மெல்லிய பனி கிடந்து காய்ந்து, பிறகு பிப்ரவரியில் கனத்த பனி கொட்டினால், சர்க்கரை மேல் சிமெண்ட் பலகை வைத்த கதைதான். 2024 ஜனவரியில் குல்மார்க் புல்தரையாகக் கிடந்த படங்கள் ஞாபகம் இருக்கலாம். பனிப்பொழிவு மாதக் கடைசியில்தான் தொடங்கியது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு புள்ளியில் தொடங்கி விசிறியாக விரியும் தளர்ந்த பனி: அளவில் சிறியது, ஆனால் பாறை விளிம்பில் இருந்தால் உங்களைத் தள்ளிவிடப் போதும். வெயிலிலும் மழையிலும் நனைந்து இறங்கும் ஈரப்பனி: மெதுவாக வந்தாலும் கான்கிரீட் மாதிரி. முகட்டில் காற்று கட்டிவைத்த பனித் தாழ்வாரம்: கீழே பிடிமானம் இல்லாமல் வெளியே நீண்டு நிற்கும், நீங்கள் நினைப்பதைவிடப் பல மீட்டர் உள்ளே உடையும். முகட்டு விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சாய்வு: 30 டிகிரி என்ற கோடு

களத்தில் நெல்லைக் குவித்தால் ஒரு சாய்வில் நின்றுவிடும், அதற்கு மேல் கொட்டினால் வழியும். பனியும் அப்படித்தான், ஆனால் ஒட்டும் தன்மை இருப்பதால் கணக்கு கொஞ்சம் மாறும். 25 டிகிரிக்குக் கீழே பலகை பெயர்வது அபூர்வம். 30 முதல் 45 வரைதான் ஆபத்தான பட்டை. அதிலும் 38ஐ ஒட்டி மிக அதிகம். 55க்கு மேல் பனி தங்காமல் அவ்வப்போது தானாக உதிர்ந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், சறுக்குவதற்கு ரொம்ப சுகமான சாய்வும் 35 முதல் 40தான்.

சாய்வைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். எல்லோருமே தப்பாகத்தான் சொல்வார்கள். போனில் உள்ள, சாய்வை அளக்கும் சாய்மானியைச் சறுக்குக் கம்பின் மேல் வைத்து, கம்பைச் சரிவோடு படுக்கவைத்து அளக்கலாம். குளிரில் போன் அணைந்துவிட்டால் ஒரே நீளமுள்ள இரண்டு கம்புகள் போதும். ஒன்றைக் கிடையாகப் பிடித்து அதன் முனை சரிவைத் தொடும்படி வையுங்கள். அதன் கைப்பிடியிலிருந்து இரண்டாவது கம்பைச் செங்குத்தாகக் கீழே தொங்கவிடுங்கள். பனியைத் தொடும்போது இரண்டாவது கம்பில் பாதி நீளம்தான் ஆகியிருந்தால் சாய்வு 27 டிகிரி. முக்கால் என்றால் 37. முழு நீளமும் ஆனால் 45. ஆக, பாதியைத் தாண்டினால் எச்சரிக்கை, முக்கால் என்றால் நேராக ஆபத்தின் நடுவே.

வீட்டில் உட்கார்ந்து வரைபடத்திலும் அளக்கலாம். 1:50,000 அளவு வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 40 மீட்டருக்கு ஒன்று என்றால், கோடுகளுக்கிடையே 1.4 மில்லிமீட்டர் இருக்கும் இடம் 30 டிகிரி. அதைவிட நெருக்கமானால் செங்குத்து கூடுகிறது. சாய்வை வண்ணத்தில் காட்டும் செயலிகளும் உண்டு. ஆனால் இமயமலைக்குப் பொதுவில் கிடைக்கும் உயரத் தரவு பெரும்பாலும் 30 மீட்டர்க் கட்டம். இருபது மீட்டர் அகலமுள்ள ஒரு செங்குத்து மேடு அதில் கரைந்து போய்ப் பச்சையாகவே தெரியும். எனவே செயலியை வைத்து ஒரு வழியை வேண்டாம் என்று தள்ளலாம், சரி என்று ஒப்புக்கொள்ள அது போதாது.

சரி, நீங்கள் 20 டிகிரியில் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மேலே 38 டிகிரிச் சரிவு இருந்தால்? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மெலிந்த அடுக்கு தொடர்ச்சியாக இருக்கும் நாளில், கீழே சமதளத்தில் நடப்பவரின் எடையே மேலே உள்ள பலகையைப் பெயர்த்துவிடும். மேலிருந்து தானாக விழுவது வேறு கதை. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மானாவில் சாலைப் பணியாளர் முகாம்மீது பனி இறங்கியபோது அங்கிருந்த 54 பேரும் எந்தச் சரிவிலும் ஏறிக்கொண்டிருக்கவில்லை. பனி ஓடிவரும் பாதையில் முகாம் இருந்தது, அவ்வளவுதான். 46 பேர் மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்தார்கள்.

ஓடிவரும் பாதையை அடையாளம் காண மரங்களைப் பாருங்கள். தேவதாருக் காட்டின் நடுவே வகிடு எடுத்த மாதிரி மரமில்லாத பட்டை, மேல்பக்கக் கிளைகள் முறிந்து ஒரு பக்கம் மட்டும் கிளையுள்ள மரம், எல்லாம் ஒரே திசையில் சாய்ந்த இளம் பூர்ஜ (பிர்ச்) மரங்கள்: இவை இருந்தால் அங்கே பனி வந்து போயிருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து சரிவின் உச்சியை நோக்கிச் சாய்மானியைப் பிடியுங்கள். 25 டிகிரிக்கு மேல் காட்டினால் நீங்கள் அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். மிகப் பெரிய சரிவுகள் 20க்கும் கீழே வரை ஓடிவரும்.

ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் இருக்க வேண்டும்: பீக்கன், புரோப், ஷவல். பீக்கன் என்பது 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் துடித்துக்கொண்டே இருக்கும் சிறு கருவி. புதைந்தவரின் பீக்கன் அனுப்பும், மற்றவர்களுடையது தேடும். புரோப் மடக்கி விரிக்கும் நீளக் கம்பி, 240 சென்டிமீட்டராவது வேண்டும். ஷவல், அதாவது பனியை அள்ளும் மண்வாரி, உலோகத்தில் இருக்கட்டும், பிளாஸ்டிக் ஷவல் சரிந்து இறுகிய பனியில் உடைந்துவிடும். குழுவில் ஒருவரிடம் இல்லாவிட்டாலும் கணக்கு தவறும், ஏனென்றால் உங்கள் பீக்கன் உங்களைக் காப்பாற்றுவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் இருப்பதுதான் காப்பாற்றும். காற்றுப்பை வைத்த முதுகுப்பை மேலே மிதக்க உதவும், ஆனால் குறுகிய ஓடையிலோ மரங்களுக்கு நடுவிலோ பெரிதாக ஒன்றும் செய்யாது.

பயிற்சியைப் பனியில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. மெரினா மணலில் ஒரு பீக்கனைப் பையில் போட்டுப் புதைத்துத் தேடிப் பழகலாம். நான் அப்படித்தான் பழகினேன். நாய்கள் மட்டும் கொஞ்சம் தொல்லை. நேரத்தை அளந்தபோது தெரிந்தது: தேடிக் கண்டுபிடிக்கச் சில நிமிடம், தோண்ட அதைப்போல இரண்டு மடங்கு.

முறையாகக் கற்க விரும்பினால் பஹல்காமில் ஜவாஹர் மலையேற்றப் பயிற்சி நிலையம், உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம், மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான நிலையம், குல்மார்க்கிலேயே இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிலையம் என்று இருக்கின்றன. ஆனால் பயிற்சி ஒரு கவசம் இல்லை. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா சிகரத்தில் உத்தரகாசி நிலையத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழுவே பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன, 2 பேர் கிடைக்கவே இல்லை. மாதத்தையும் கவனியுங்கள், அக்டோபர்.

தொடர்பு விஷயத்தில் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். சாட்டிலைட் போனும், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளும் இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருந்தால் சட்டக் குற்றம். வெளிநாட்டு நண்பர் ஆசையாகப் பரிசளித்ததைப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விடாதீர்கள்.

அன்றைய காலை

இந்தியாவில் பனிச்சரிவு முன்னறிவிப்பைத் தருவது டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு. 1969இல் மணாலியில் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம்தான் 2020இல் இந்தப் பெயருக்குள் வந்தது. அவர்கள் சொல்வதை மாநிலப் பேரிடர் மேலாண்மை அமைப்புகள் செய்தியாக வெளியிடுகின்றன. அதில் மாவட்டத்தின் பெயரோடு உயரத்தையும் படியுங்கள். குல்மார்க் இருக்கும் பாரமுல்லா மாவட்டத்தில் 2,400 மீட்டருக்கு மேல் என்று இருந்தால் குல்மார்க் ஊரே கணக்கில் வருகிறது, அது 2,650 மீட்டரில் இருக்கிறது. இந்த அறிவிப்பு ஒரு மாவட்டத்துக்கானது. உங்கள் முன்னால் இருக்கும் சரிவைப் பற்றி அதற்குத் தெரியாது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 1 முதல் 5 வரை ஆபத்தை எண்ணிடுகிறார்கள். 5இல் நடுவில் இருப்பதால் 3 என்றால் சுமார் என்று மனம் எடுத்துக்கொள்ளும். உண்மையில் ஒவ்வொரு படிக்கும் ஆபத்து மடங்காகப் பெருகுகிறது. அதிகம் பேர் இறப்பதும் 3இல்தான். 4, 5 என்றால் பெரும்பாலானோர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். 3 என்றால் வானம் தெளிந்திருக்கும், பனி புதிதாக இருக்கும், ஆசை தடுக்காது.

வானிலையில் மூன்றைக் கேளுங்கள். ஒன்று, கடந்த ஒரு நாளில் எவ்வளவு விழுந்தது. 30 சென்டிமீட்டரைத் தாண்டினால் அன்றும் மறுநாளும் 30 டிகிரிப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. இரண்டு, காற்று. பனி விழாத நாளிலும் காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு போய் மறுபக்கம் கொட்டும், வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூட. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள்தான் காஷ்மீருக்குப் பனி கொண்டுவருகின்றன என்பதால், கிழக்கும் வடகிழக்கும் பார்த்த சரிவுகளில் இந்தப் பாரம் சேரும். அவைதான் வெயில் படாமல் பனியை நன்றாக வைத்திருப்பவையும். மூன்று, வெப்பம். திடீரென்று சூடேறினால், இரவு உறையாமல் இருந்தால், மழை பெய்தால், உடனே ஒதுங்குங்கள். மார்ச்சில் தெற்குப் பார்த்த சரிவைக் காலை பத்து, பதினொரு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

புறப்படும் இடத்தில் பீக்கன் சோதனை. ஒருவர் தேடும் நிலையில் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக வேண்டும். பிறகு அவருடையதையும் சோதிக்க வேண்டும். போனும் கேமராவும் பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50. சூடேற்றும் கையுறையும் அலையைக் குழப்பும்.

மலை தானே சொல்லும்போது

பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி விழுந்திருக்கிறதா? அதே உயரம், அதே திசை என்றால் வேறு சோதனை தேவையில்லை, உங்கள் சரிவும் விழும். நடக்கும்போது காலடியில் ‘தும்’ என்று அடங்கிய சத்தம் கேட்டு, சுற்றியுள்ள பனி இலேசாக அமுங்கினால், அது மெலிந்த அடுக்கு நொறுங்கிய சத்தம். நீங்கள் சமதளத்தில் இருந்ததால் பிழைத்தீர்கள். காலடியிலிருந்து கண்ணாடி விரிசல் போலக் கோடு ஓடினாலும் அதே பொருள். இவற்றைக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று போனவர்களின் கதைகள் விபத்து அறிக்கைகளில் நிறைய உண்டு.

குழி தோண்டிச் சோதிக்கும் முறையும் உண்டு. 30 சென்டிமீட்டருக்கு 30 என்று ஒரு தூணை வெட்டி, மேலே ஷவலை வைத்து மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் எந்த ஆழத்தில் பெயர்கிறது என்று பார்ப்பார்கள். எளிதில், வழுக்கிக்கொண்டு பெயர்ந்தால் திரும்பிவிடலாம். பெயராவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. பத்து மீட்டர் தள்ளி வேறு விதமாக இருக்கும். புதியவர்கள் குழியை நம்பி ஏறுவதைவிடக் குழியே தோண்டாமல் 25 டிகிரியில் சுற்றிப் போவது மேல்.

இன்னொரு ஆபத்து பனியில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேரின் விஷயத்தில் பனியைப் பெயர்த்தது அவரோ அவருடைய குழுவினரோதான். ஐந்து நாள் லீவு, முன்கூட்டியே போட்ட விமான டிக்கெட், இரண்டு நாள் ஏற்கெனவே மேகத்தில் போய்விட்டது. இன்று வானம் திறந்திருக்கிறது. எதிரே ஏற்கெனவே நான்கு தடங்கள். நான்கு பேர் போனதால் பலகை உறுதியாகிவிடாது. ஐந்தாவது ஆள், பத்தாவது ஆள் கால்வைத்த இடம் மெலிந்திருந்தால் அப்போதுதான் விழும். குழுவில் ஒருவர் தயங்கினாலும் எல்லோரும் திரும்புவது என்று காலையிலேயே, சூடான நூன் சாய் (காஷ்மீரி உப்புத் தேநீர்) குடிக்கும்போதே, பேசி முடித்துவிடுங்கள். மலையில் நின்றுகொண்டு வாக்கெடுப்பு நடத்தினால் ஆசைதான் ஜெயிக்கும். வழிகாட்டி இன்று வேண்டாம் என்றால், கூடுதல் பணம் தருகிறேன் என்று பேரம் பேசாதீர்கள். இது நடக்கிறது, அதனால் சொல்கிறேன்.

கடக்கத்தான் வேண்டும் என்றால்

முதல் தேர்வு முகட்டின் அகன்ற முதுகு, காற்று அடித்துப் பனி குறைந்த பக்கம். அடுத்தது அடர்ந்த காடு. மரங்களுக்கு நடுவே சறுக்கிப் போக வசதியான இடைவெளி இருந்தால் அது பனியைத் தடுக்கும் அளவுக்கு அடர்ந்த காடு இல்லை. குறுகிய ஓடைப் பள்ளம் வேண்டாம். சின்னச் சரிவுகூட அங்கே மூன்று மீட்டர் ஆழத்தில் மூடிவிடும்.

சந்தேகமான சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் அவரைப் பார்க்க வேண்டும். பாதுகாப்பான இடம் என்றால் சரிவின் நடுவில் உள்ள ஒற்றை மரத்தடி இல்லை. ஓரம், மேடு, பாறைத் திட்டின் மறைவு. கூடியவரை உயரத்தில் கடந்து போங்கள், கீழே கடந்தால் மேலே உள்ள பனி முழுதும் உங்கள் தலைக்கு. கம்பின் கைவாரை மணிக்கட்டில் மாட்டாதீர்கள், சிக்கினால் அது உங்களைக் கீழே இழுக்கும்.

சறுக்காமல் நடந்து போகும் ட்ரெக்கர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்கால நடைப்பயணங்களில் பெரும்பாலானவற்றில் யாரிடமும் பீக்கன் இருப்பதில்லை. அப்படியானால் உங்களுக்கு மீட்புத் திட்டமே கிடையாது என்று எண்ணித்தான் வழியைத் தேர வேண்டும். பதிவு செய்யும் முன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: கூடாரம் எந்தச் சரிவின் கீழே? கனத்த பனிப்பொழிவுக்குப் பின் எத்தனை நாள் காத்திருப்பீர்கள்? உச்சிக்குப் போகாமல் திரும்பினால் பணப் பேச்சு என்ன? பதிலில் எரிச்சல் தெரிந்தால் அதுவே பதில்.

சிக்கிக்கொண்டால்

உரக்கக் கத்துங்கள், மற்றவர்கள் உங்களைப் பார்க்கட்டும். முதல் ஒன்றிரண்டு நொடியில் ஓரத்துக்குச் சறுக்கிவிட முடிந்தால் முயலுங்கள். கம்புகளை விடுங்கள், முதுகுப்பை இருக்கட்டும், முதுகுக்கு அது கவசம். காற்றுப்பை இருந்தால் உடனே இழுங்கள். மேலே இருக்கப் போராடுங்கள். வேகம் குறையும்போது ஒரு கையை முகத்துக்கு முன் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் பண்ணுங்கள். அது நின்ற மறுகணம் பனி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் 10 வீரர்கள் புதைந்ததை நாம் மறக்க முடியாது. அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டு, மூன்று நாள் கழித்து தில்லியில் இறந்தார். அவர் கூடாரத்துக்குள் இருந்தார். திறந்த சரிவில் புதைந்தவரின் கணக்கு நாளில் இல்லை. அடிபடாமல் புதைந்தவர்களை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர்தான்.

தோழர் புதைந்துவிட்டால்

கீழே இறங்கி உதவி கூட்டிவர ஓடாதீர்கள். உதவி நீங்கள்தான். மேலே இன்னும் விழக்கூடிய பனி இருக்கிறதா என்று ஒரு பார்வை, எத்தனை பேரைக் காணோம் என்று ஓர் எண்ணிக்கை, அப்புறம் ஒருவர் கட்டளை எடுத்துக்கொள்ள வேண்டும். சிக்னல் இருந்தால் ஒருவர் மட்டும் 112க்கு அழைக்கட்டும். மேலே நிற்கும் எல்லோரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். ஒருவர் மறந்தாலும் நீங்கள் அவரைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக அவரைப் பார்த்த இடத்திலிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள். ஒரே ஆள் என்றால் 40 மீட்டர் இடைவெளியில் வளைந்து வளைந்து. கையுறை, கம்பு, பனிக்கு மேல் தெரியும் காலணி நுனி, எல்லாவற்றையும் கண்ணால் தேடுங்கள். பீக்கன் எண் (மீட்டரில் தோராயத் தூரம்) காட்டத் தொடங்கியதும் எண் குறையும் திசையில் வேகமாகப் போங்கள். 10க்குக் கீழே வந்ததும் மெதுவாக. 3க்குக் கீழே பீக்கனைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், சிலுவைக் குறி போல முன்னும் பின்னும் இடமும் வலமும் நகர்த்தி மிகச் சிறிய எண் உள்ள இடத்தைக் குறியுங்கள். அங்கிருந்து புரோப்பைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்கி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் போல வெளியே வாருங்கள். பட்டதும் புரோப்பை எடுக்கக் கூடாது. அதுதான் இனி வழிகாட்டி.

தோண்டுவதில்தான் நிமிடங்கள் போகின்றன. ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை வெளியே எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ள வேண்டியிருக்கும். புரோப் நிற்கும் இடத்தில் நேர் கீழே கிணறு வெட்டாதீர்கள், அவருடைய மூச்சிடத்தை நீங்களே மிதித்து மூடுவீர்கள். ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு கீழ்ப்பக்கம் தள்ளி, பக்கவாட்டில் உள்ளே நுழைவது போலத் தோண்டுங்கள். கட்டியாக வெட்டிப் பின்னால் தள்ளுங்கள், தூக்கி எறிய வேண்டாம். ஆட்கள் இருந்தால் முன்னே ஒருவர், பின்னே இருவர் இருவராக நின்று பனியைக் கீழே கடத்துங்கள். முன்னே நிற்பவரை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

முதலில் முகம். வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுத்து, நெஞ்சை விடுவியுங்கள். மூச்சு இல்லாவிட்டால் முதலில் ஐந்து முறை வாய்வழி ஊதிவிட்டு நெஞ்சழுத்தம் தொடங்குங்கள், அவருக்குக் கிடைக்காமல் போனது காற்றுதான். உயிர் இருந்தால் கைகால்களைத் தேய்க்கக் கூடாது, எழுப்பி உட்காரவைக்கவும் கூடாது. படுத்த நிலையிலேயே மெதுவாக நகர்த்தி, கீழே முதுகுப்பைகளைப் போட்டு, ஈர உடைக்கு மேல் கிடைத்ததையெல்லாம் சுற்றுங்கள். நன்றாக நினைவோடு, விழுங்க முடிந்தால் மட்டும் சூடாக இனிப்பாக ஏதாவது.

அவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் முன், எல்லோருடைய பீக்கனும் மறுபடி அனுப்பும் நிலைக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். சரிவின் மீதிப் பாதி இன்னும் மேலேதான் நிற்கிறது.